விடைத்தாள் திரும்பும் நாள்: வளரிளம் பருவ மனமுதிர்ச்சியும் பள்ளிச் சூழலும்

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பித் தர வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதல் விதம் நாம் அனைவரும் மாணவப் பருவத்தில் பார்த்தது. அதிக மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி, பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்கப் படிப்பது. கட்டு குறையக் குறைய, பெயர் வராத பிள்ளைகளின் தலை தாழ்ந்துகொண்டே போகும். கடைசி ஐந்து தாள்கள் வரும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். இரண்டாவது விதத்தில் தாள் மடித்த நிலையில் அவரவர் கைக்குப் போகும். “எந்தக் கணக்கில் தவறு நேர்ந்தது என்று முதலில் நீங்களே பாருங்கள்” என்று பத்து நிமிடம் தரப்படும். பிறகு பலரும் தவறிய இரண்டு கணக்குகளைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு வகுப்பிலும் பாடம் ஒன்றே. மதிப்பெண்களும் அவையே. ஆனால் அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றல்ல. முதல் வகுப்பில், தவறு என்பது மறைக்க வேண்டிய அவமானம் என்று கற்கிறார்கள். இரண்டாவது வகுப்பில், தவறு என்பது பார்த்துத் திருத்த வேண்டிய ஒன்று என்று கற்கிறார்கள். மனவெழுச்சி முதிர்ச்சி பற்றி நாம் தனியாக ஒரு பாடம் நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் இந்தப் பாடம் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மனமுதிர்ச்சி என்றால் என்ன?

கல்வியியல் பட்டப் படிப்பில் நாம் படித்ததைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் காலம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இல் இப்பருவத்தைப் புயலும் அலைக்கழிப்பும் நிறைந்த பருவம் என்று வருணித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிப் புயல் வீசுவதில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஒரு செய்தியை மட்டும் மூளையியலும் உறுதிப்படுத்துகிறது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் முந்திக்கொண்டு வேகம் பெறுகின்றன. நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்நெற்றிப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே பதினான்கு வயதில் கோபம் வருவது குறைபாடு அல்ல. கோபமே வராத பிள்ளையை முதிர்ச்சியுள்ள பிள்ளை என்று சொல்லவும் முடியாது. தனக்கு நேர்வது என்ன உணர்ச்சி என்று அறிதல், அதைச் சொல்லால் வெளிப்படுத்துதல், உடனே கையை ஓங்காமல் சற்றுப் பொறுத்தல், உறவு முறிந்தால் அதைச் சரிசெய்தல் ஆகிய நான்கும் சிறிது சிறிதாகக் கூடி வருவதே மனமுதிர்ச்சி. இந்த நான்கையும் பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்? விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவர்கள் நம்மோடுதான் கழிக்கிறார்கள்.

‘காண்டு’ என்னும் ஒரே சொல்

சென்னைப் பிள்ளைகளிடம் ஒரு சொல் உண்டு. “காண்டாவுது மிஸ்.” நண்பன் பேசாமல் போனாலும் காண்டு. அப்பா குடித்துவிட்டு வந்தாலும் காண்டு. வகுப்பின் முன்னால் திட்டு வாங்கினாலும் காண்டு. பயம், ஏமாற்றம், களைப்பு, வெட்கம், பொறாமை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே பயன்படுத்துகிறார்கள். குறிப்பாக மாணவர்கள், அழுகை வந்தது என்று சொல்வதைவிடக் காண்டானது என்று சொல்வதையே எளிதாக உணர்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவர் பக்கத்தில் இருந்தவரின் நோட்டைக் கிழித்துவிட்டார். அழைத்து உட்காரவைத்துக் கேட்டபோது முதலில் வந்த பதில் அதே சொல்தான். “காண்டா? இல்ல, வேற ஏதாவதாப்பா?” என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருந்தால் போதும். கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாரும் சிரிச்சாங்க மிஸ். அசிங்கமாப் போச்சு” என்றார். வாசிக்கும்போது ஒரு சொல்லில் தடுமாறியிருக்கிறார், பக்கத்தில் இருந்தவர் சிரித்திருக்கிறார். வெளியே தெரிந்தது கோபம். உள்ளே இருந்தது அவமானம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. இழிவுபட்ட மனநிலையாகிய இளிவரலும், சினமாகிய வெகுளியும், தன்னை உயர்வாக உணரும் பெருமிதமும் அவற்றுள் அடங்கும். வெகுளி பிறக்கும் காரணங்கள் நான்கு என்று சொல்லும்போது, அடித்தும் வைதும் அலைத்தலை அவற்றுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைக்கிறார். பெருமிதம் பிறக்கும் காரணங்கள் நான்கு என்று சொல்லும்போதோ கல்வியை முதலில் வைக்கிறார். கல்வி பெருமிதத்தைத் தர வேண்டியது. கல்வி கற்கும் இடமே இளிவரலைத் தந்தால் அது வெகுளியாக வெளியே வரும். நம் வகுப்புகளில் கோபம் என்று நாம் பதிவுசெய்யும் நிகழ்வுகள் பலவற்றின் அடியில் அவமானம் இருக்கிறது. மனமுதிர்ச்சிக்கு உகந்த பள்ளிச் சூழல் எது என்று கேட்டால், பிள்ளையை அவமானப்படுத்தாமல் திருத்தும் சூழல் என்பதே என் பதில்.

கட்டடம் அதேதான், சூழல் வேறு

சூழல் என்றதும் புதிய கட்டடமும் திறன்மிகு வகுப்பறையும் நினைவுக்கு வருகின்றன. சுத்தமான கழிப்பறையும் காற்றோட்டமான அறையும் கட்டாயம் தேவை. ஆனால் சுவர்களைவிட அவற்றுக்குள் நடப்பதே பெரிது என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது.

மெரினா கடற்கரை எதிரே உள்ள விவேகானந்தர் இல்லத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருப்போம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அது. 1917-இல் அரசு அதை வாங்கியது. அங்கேதான் சகோதரி சுப்பலட்சுமியின் இளம் கைம்பெண்கள் இல்லம் இயங்கியது. 1886-இல் மயிலாப்பூரில் பிறந்த அவரும் குழந்தைமணம் செய்துவைக்கப்பட்டு, கணவரை இழந்தவர். படிப்பைத் தொடர்ந்து 1911-இல் பட்டம் பெற்றார்.

அவரிடம் வந்த சிறுமிகள் இன்று நம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இருப்பவர்களின் வயதினர். வீட்டில் அவர்கள் எதிரே வந்தாலே தீய சகுனம் என்று கருதப்பட்ட காலம். தாங்கள் செய்யாத ஒன்றுக்காக இளிவரலைச் சுமந்த பிள்ளைகள். இல்லத்தில் அவர்களுக்குப் பாடம் இருந்தது, ஒத்த வயதுத் தோழியர் இருந்தனர், உன்னால் முடியும் என்று நம்பிய ஓர் ஆசிரியர் இருந்தார். அவர்களில் பலர் பின்னாளில் ஆசிரியைகளாகப் பணியாற்றினார்கள். நம்மில் பலர் பயின்ற லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் தொடக்கத்திலும் சுப்பலட்சுமிக்குப் பெரும்பங்கு உண்டு. 1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பனிக்கட்டிக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில் நொறுங்கிப்போயிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அங்கே அவர்கள் நடத்தப்பட்ட முறையே அதற்குக் காரணம்.

2017-இல் அரசு எடுத்த முடிவும் நம் வகுப்பறையும்

பொதுத்தேர்வு முடிவு நாள் முன்பு எப்படி இருந்தது என்பது மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் வெளிவரும். 1200-க்கு எத்தனை என்பதே அந்த வாரம் முழுவதும் பேச்சு. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பயிற்சி மையங்களின் தட்டிகளில் பிள்ளைகளின் முகங்கள் தொங்கும்.

2017 மே 12 அன்று வெளியான பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் தரவரிசைப் பட்டியல் இல்லை. மே 19 அன்று வெளியான பத்தாம் வகுப்பு முடிவுகளிலும் இல்லை. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியையும் மன அழுத்தத்தையும் தவிர்க்கவே இந்த முடிவு என்று அரசு தெரிவித்தது. அன்றுமுதல் இன்றுவரை அதுவே நடைமுறை. முதல் மூன்று பேரைக் கொண்டாடிய மகிழ்ச்சி குறைந்துவிட்டது என்று வருந்தியவர்களும் உண்டு. ஆனால் அந்த மூன்று பேருக்குக் கிடைத்த மகிழ்ச்சிக்காக, லட்சக்கணக்கான பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணை ஒரு தோல்வியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

தேர்ச்சி பெறாதவர்கள் ஓராண்டை வீணாக்காமல் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுத வழி இருக்கிறது. தோல்வி முடிவல்ல, திருத்திக்கொள்ளலாம் என்று தேர்வு முறையே சொல்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட ‘ஸ்நேகா’ போன்ற அமைப்புகள் ஒவ்வோர் ஆண்டும் முடிவு வெளியாகும் நாள்களில் கூடுதல் கவனத்தோடு காத்திருப்பதை நாம் அறிவோம். அந்த நாள்களில் இழப்பது மதிப்பெண்ணை மட்டுமல்ல, பிள்ளைகளையும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு.

மாநில அளவில் தரவரிசை போய்விட்டது. வகுப்பறையில்? முதல் மதிப்பெண் வரிசை, கடைசி மதிப்பெண் வரிசை என்று அமர்த்தும் முறை சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ‘மெல்லக் கற்போர்’ என்பது ஆசிரியர் தம் திட்டமிடலுக்குப் பயன்படுத்தும் சொல். அதை மாணவர் காதுபடச் சொல்லும்போது பட்டப்பெயராகிவிடுகிறது. அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படுகிறது. இப்போது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அது இன்னும் வேகமாகப் பரவுகிறது. அரசு ஒரே ஆணையால் மாற்றியதை வகுப்பறையில் நாம் ஒவ்வொருவரும்தான் மாற்ற முடியும்.

கண்டிப்பும் அவமானமும் ஒன்றல்ல

“அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? ஒப்பிடாவிட்டால் படிப்பார்களா?” என்று ஆசிரியர் அறையில் கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஐம்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் ஒழுங்கு இல்லாமல் எதுவும் நடக்காது. தேர்ச்சி விழுக்காட்டுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையை மட்டுமல்லாமல் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும், பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. சொல் இன்னும் இருக்கிறது.

கண்டிப்பு செயலைப் பற்றிப் பேசும்: “வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. மதிய இடைவேளையில் என் முன்னால் உட்கார்ந்து முடி.” அவமானம் ஆளைப் பற்றிப் பேசும்: “நீயெல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம் வர்றே?” முதலாவதில் செய்து முடிக்க ஒரு வேலை இருக்கிறது. இரண்டாவதில் பிள்ளைக்குச் செய்ய எதுவும் இல்லை, கோபப்படுவதைத் தவிர. கண்டிப்போடு வளர்ந்த பிள்ளை தன் தவறைச் சரிசெய்யக் கற்கிறது. அவமானத்தோடு வளர்ந்த பிள்ளை தன்னைவிட எளியவரைத் தேடி அதே அவமானத்தைக் கைமாற்றுகிறது.

அவமானம் சக மாணவர்களிடமிருந்தும் வருகிறது. நிறம், உடல் பருமன், பேச்சு, சாதி, குடியிருக்கும் இடம் எல்லாமே கேலிக்குப் பொருளாகின்றன. ‘குப்பத்துப் பசங்க’ என்ற சொல் நொச்சிக்குப்பத்திலிருந்தோ ஊரூர்க் குப்பத்திலிருந்தோ வரும் பிள்ளையை எப்படித் தைக்கும் என்பது, அதை விளையாட்டாகச் சொல்லும் பிள்ளைக்குத் தெரியாது. இது முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். சக மாணவர்களாலேயே ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி வேற்றுமைகள் பள்ளிக்குள் நுழையாதபடி சூழலை எவ்வாறு அமைப்பது என்பதே அந்தக் குழுவின் முன்னிருந்த கேள்வி. கேலியைச் ‘சின்னப் பசங்க விளையாட்டு’ என்று நாம் கடந்து போகும் ஒவ்வொரு முறையும், இதற்கு அனுமதி உண்டு என்று வகுப்பு புரிந்துகொள்கிறது.

பேச ஓர் இடம்

மயிலாப்பூர், அடையாறு, மந்தைவெளிப் பகுதிகளின் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர்க் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. பழைய பள்ளியை விட மனமில்லாமல், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பேருந்தில் வந்து படித்த பிள்ளைகளை நம் பள்ளிகள் பார்த்திருக்கின்றன. அத்தகைய மாணவி ஒருவர் காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வந்தால் வரிசைக்கு வெளியே நிற்கவைப்பது எளிது. “எத்தனை மணிக்கும்மா கிளம்புனே? சாப்பிட்டியா?” என்று கேட்கவும் அதே நேரம்தான் ஆகும். ‘ஐந்தரை மணிக்கு’ என்ற பதில் வரும்போது, தாமதம் என்று நாம் எழுதிவைத்த பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய முயற்சி தெரியும்.

நேரில் சொல்ல முடியாதவர்களுக்காகவே பள்ளிகளில் 2022-இல் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கப்பட்டது. அது பயன்படுவதும் தூசு படிவதும் ஒரே ஒரு செயலைப் பொறுத்தது. முதலில் வரும் சில சீட்டுகளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று பிள்ளைகள் கவனிக்கிறார்கள். எழுதியவர் யார் என்று தேடினால் பெட்டி அன்றோடு மூடிவிடும். எழுதப்பட்ட குறை, கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருந்தாலும், சரிசெய்யப்பட்டால் அடுத்த முறை இன்னும் ஆழமான ஒன்று சீட்டில் வரும்.

நம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 10 முதல் 19 வயதினரில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திடீரென ஒதுங்கிப்போகும் மாணவர், கைகளில் கீறல்களோடு வரும் மாணவி, சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசும் பிள்ளை ஆகியோருக்கு நம் அன்பான பேச்சு மட்டும் போதாது. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 கல்வி வழிகாட்டி எண், 14416 மனநல உதவி எண் ஆகிய மூன்றும் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கட்டும். தலைமையாசிரியரிடம் தெரிவித்து, பெற்றோரோடு பேசி, மருத்துவ உதவிக்கு வழிகாட்டுவதும் நம் பணியே.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

கூடுதல் நிதியோ தனிப் பாடவேளையோ தேவைப்படாத சில செயல்களைக் கீழே தருகிறேன். இவற்றில் சிலவற்றை நானும் என் பள்ளியில் சக ஆசிரியர்களும் செய்து வருகிறோம்.

1. விடைத்தாளை மடித்துக் கொடுப்போம். மதிப்பெண்ணை உரக்கப் படிக்க வேண்டாம். ஒப்பீடு தேவையென்றால் அதே மாணவரின் சென்ற தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடுவோம்.

2. வருகைப் பதிவின்போது வாரம் ஒருநாள், “உள்ளேன் மிஸ்” என்பதற்குப் பதிலாக, அன்றைய மனநிலையை ஒரே சொல்லில் சொல்லச் செய்யலாம். ‘காண்டு’ என்ற சொல்லுக்கு மட்டும் அன்று விடுமுறை. தொடக்கத்தில் சிரிப்பார்கள். நாலைந்து வாரத்தில் ‘டென்ஷன்’, ‘ஏக்கம்’, ‘நிம்மதி’ என்று சொற்கள் வரத் தொடங்கும். சொல்ல விரும்பாதவர் “பிறகு” என்று சொல்லலாம்.

3. சண்டை என்றால் இருவரையும் தனித்தனியே கேட்போம். என்ன நடந்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது, இப்போது எதைச் சரிசெய்யலாம் என்ற மூன்று கேள்விகள் போதும். கட்டாயப்படுத்திப் பெறும் மன்னிப்பைவிட, கிழித்த நோட்டுக்கு அட்டை போட்டுத் தருவது மேலானது.

4. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்க வேண்டாம். தோற்று, கைகுலுக்கி, மறுநாள் மீண்டும் ஆட வருவது மனமுதிர்ச்சிக்கான நேரடிப் பயிற்சி.

5. கலைத் திருவிழா, சிறார் திரைப்படம், நூலகப் பாடவேளை ஆகியவற்றில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு தருவோம். பெருமிதம் பிறக்க ஏதாவது ஓர் இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும்.

6. நமக்குக் கோபம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவோம். “எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்துப் பேசுகிறேன்” என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு, கோபத்தை என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

இவற்றைச் செய்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் கூட்டத்தில், “ரேங்க் எத்தனை மிஸ்?” என்ற கேள்வி இன்றும் வருகிறது. முன்னேற்ற அட்டையைக் காட்டி, போன தேர்வில் விட்ட கணக்குகளில் எவற்றை இந்தத் தேர்வில் போட்டிருக்கிறார் என்று விளக்கினால் பலர் ஏற்கிறார்கள். சிலர் ஏற்பதில்லை. நோட்டைக் கிழித்த அந்த மாணவருக்கு இப்போதும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு வெளியே போய், திரும்பி வருகிறார்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிச் சூழல் என்பதில் ஆசிரியர் அறையும் அடக்கம். தலைமையாசிரியர் ஆசிரியரிடமும், மூத்தவர் புதியவரிடமும், நாம் அனைவரும் தூய்மைப் பணியாளரிடமும் சத்துணவுப் பணியாளரிடமும் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சக ஆசிரியரின் குறையை மாணவர் முன்னால் சொல்லாமல் தனியே சொல்வதும், பதிவேட்டு வேலையில் திணறுபவருக்குக் கைகொடுப்பதும் வகுப்பறைப் பணியின் தொடர்ச்சியே.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் விரைவில் நம் மேசைக்கு வரும். திருத்தி முடித்ததும் கட்டை மதிப்பெண் வரிசையில் அடுக்காமல் வருகை எண் வரிசையில் அடுக்குவோம். அடுத்த நாள் வகுப்பில் கடைசியாகத் தாள் வாங்குபவர், பதிவேட்டில் கடைசிப் பெயருக்கு உரிய பிள்ளையாக மட்டுமே இருப்பார்.